சங்கிலியை அடகு வைக்க வேண்டாம், பையனைக் கடனில்லாமல் மீட்கலாம்

பென்னாகரம் பக்கம் பிறந்து பாலக்கோடு பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் நீக்கிவிட்டேன்.

அவர் சொல்வது இது. தம்பி இரண்டு முறை போர் போட்டார். இரண்டாவது முறை 900 அடி தாண்டியும் புழுதிதான் வந்தது. கடன்காரர்கள் வாசலில் வந்து நின்ற நேரத்தில், பெங்களூரு ஓரத்தில் இருக்கும் ஒரு பேக்கரிக்கு ஆள் சேர்த்துவிடும் உள்ளூர்க்காரர் ஒருவர் 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். 40,000 கையில், 20,000 ஜிபேயில். பதிலுக்கு, ஏழாம் வகுப்பு முடித்திருந்த தம்பி மகன் கடந்த ஜூனில் அந்தப் பேக்கரிக்குப் போனான். மாதச் சம்பளம் அட்வான்ஸில் கழியும் என்று பேச்சு. எவ்வளவு கழிந்தது என்று எட்டு மாதமாக யாருக்கும் தெரியாது. மாரியம்மன் பண்டிகைக்கு மூன்று நாள் வந்தவன், அத்தை போட்ட சோற்றுக்கு ஸ்பூன் கேட்டிருக்கிறான். விரல் நுனியெல்லாம் கொப்புளம். சட்டைக் கையை மடித்துப் பார்த்தால், முழங்கைக்குக் கீழே அடுப்புத் தட்டின் விளிம்பு சுட்ட கறுப்புக் கோடுகள். மூன்றாம் நாள் அந்த ஆள் வந்து அவனைக் கூட்டிப் போய்விட்டார்.

சகோதரி கேட்பவை: என் ஒன்றரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்து, அட்வான்ஸைக் கட்டிப் பையனைக் கூட்டி வந்துவிடட்டுமா? புகார் கொடுத்தால் தம்பி ஜெயிலுக்குப் போவானா? ஆதாரில் 15 வயது என்று இருக்கிறது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே? வேறு மாநிலத்தில் நடப்பதை நம் ஊரில் யாரிடம் சொல்வது? கடைசியாக, சற்றுப் பயந்தபடி ஒன்று: ஆறாவது படிக்கும் என் மகள் சாயங்காலம் என்னோடு புளி உடைக்கிறாள், அதுவும் குற்றமா?

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலியைக் கழற்ற வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் விட இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் அடகுக் கடைக்குப் போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மனசு புரிகிறது. பணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டால் சண்டையில்லை, போலீஸ் இல்லை, ஊரில் பேச்சும் இல்லை. தருமபுரி நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் நான், இந்த வழியில் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அரூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் வட்டிக்கு வாங்கி அட்வான்ஸைக் கட்டி மூத்த மகனை மீட்டார். அடுத்த ஆண்டு அந்த வட்டியை அடைக்க இளையவன் போனான். பழைய கடன் புதுக் கடனாக மாறியதுதான் மிச்சம்.

அந்த 60,000 சட்டப்படி கடனே அல்ல

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றி நம் மாவட்டத்தில் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் செங்கல் சூளை, கல் குவாரி என்றால்தான் அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் தானோ, தன் குடும்பத்தில் ஒருவர் மூலமோ உழைத்துக் கழிக்க வேண்டும், அதனால் விரும்பியபோது விலகவோ வேறு வேலைக்குப் போகவோ முடியாது, அல்லது கூலி பெயருக்குத்தான் கிடைக்கும் என்றால் அது கொத்தடிமை முறை. பேக்கரியானாலும் அப்படித்தான். அப்பா வாங்கிய பணத்துக்கு மகன் உழைப்பதும் இதில் அடக்கம்.

இந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே ஒழித்துவிட்டது. அதை வசூலிக்க வழக்குப் போட முடியாது. 9-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒழிந்துபோன அந்தக் கடனுக்காகப் பணத்தை வாங்குவதே குற்றம், 3 ஆண்டு வரை சிறை. நீங்கள் சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் பணம், வாங்கக்கூடாத ஒருவர் கைக்குப் போகும் பணம். உங்கள் தம்பி வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 'அது கொத்தடிமைக் கடன் அல்ல' என்று நிரூபிக்கும் சுமை 15-ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவர் தலையில்தான் விழும், உங்கள் தம்பி மேல் அல்ல.

"அவனே போறேன்னு சொல்லித்தான் போனான்" என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 13 வயதுப் பையனின் அந்தச் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பெரியவர்கள் விஷயத்திலேயே, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஒருவரைத் தள்ளினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவின் கண்ணீரைப் பார்த்து ஒரு பிள்ளை "நான் போறேன்" என்றால், அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

வயதும் ஆதாரும்

14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் கொண்டுவந்த திருத்தம் இது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். இதற்குமேல், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும் என்று சிவகாசி தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆதாரில் பதிவின்போதே இரண்டு வயது கூடிப்போனது என்கிறீர்கள். நம் கிராமங்களில் இது புதிதல்ல. பயப்பட வேண்டாம். மீட்கப்படும் குழந்தைகளின் விஷயத்தை முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழு அவன் வயதை முடிவுசெய்யும்போது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றைத்தான் முதலில் பார்க்கும். அது இல்லாவிட்டால் ஊராட்சியோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவன் படித்த பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின்படி பிறந்த தேதிச் சான்று கேட்டு வாங்குங்கள். இந்த வாரத்திலேயே செய்யக்கூடிய வேலை இது.

ஒரு வாதத்துக்கு 15 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்கள் தப்ப முடியாது. கொத்தடிமைச் சட்டத்துக்கு வயது வரம்பே கிடையாது. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 18 வரை எல்லோரும் குழந்தைதான். வேலைக்காகக் குழந்தையைப் பிணைத்து வைப்பவருக்கும், அதன் சம்பளத்தைத் தராமல் வைத்துக்கொள்பவருக்கும் அந்தச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

தம்பிக்கு என்ன ஆகும்?

கடிதத்தில் இதைத்தான் இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் முதல் முறை என்றால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை. மறுபடியும் அனுப்பினால் 10,000 ரூபாய் வரை அபராதம். கொத்தடிமைச் சட்டம் கடன் கொடுத்தவரையும் வேலை வாங்குபவரையும்தான் குறிவைக்கிறது, கடன்பட்டவரை அல்ல.

உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. பணம் கொடுத்துப் பெற்றோரின் சம்மதம் வாங்கி, சுரண்டுவதற்காகக் குழந்தையைக் கூட்டிப் போவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் ஆள் கடத்தலாகவும் ஆகலாம். அதற்கு 10 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. அது கூட்டிப் போன ஆளை நோக்கிய பிரிவு என்றாலும், பணம் வாங்கியவர் என்ற வகையில் போலீஸ் உங்கள் தம்பியையும் விசாரிக்கும். அவர் புகார்தாரராகவோ சாட்சியாகவோ முதல் நாளிலேயே உங்கள் பக்கம் நின்றால் ஒரு விதம். கடைசி வரை அந்த ஆளோடு சேர்ந்து மறைத்தால் வேறு விதம். எனவே புகார் கொடுக்கும் முன் தம்பியிடம் உட்கார்ந்து பேசுங்கள். திட்ட வேண்டாம். 900 அடியில் தண்ணீர் இல்லாமல் போனது அவர் குற்றமல்ல. கடனைக் கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவர் தோளில் இருக்கும் பாரம் பாதி இறங்கிவிடும். அவர் சம்மதிக்காவிட்டாலும் அத்தையாகிய நீங்களே புகார் கொடுக்கலாம். இதற்குப் பெற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எங்கே போவது, எந்த வரிசையில்

முதலில் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசில்லை, உங்கள் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். பேக்கரி இருக்கும் இடம், அடையாளம், பையன் எங்கே தூங்குகிறான் என்பதையெல்லாம் சொல்லுங்கள். "மைதா மூட்டை மேலதான் படுக்கிறேன்" என்று அவன் சொன்னதைக்கூட விடாமல் சொல்லுங்கள். கடையிலேயே தங்க வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஆதாரம்.

அடுத்து எழுத்து மூலம் ஒரு மனு, தருமபுரி மாவட்ட ஆட்சியருக்கு. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனுவில் 'குழந்தைத் தொழிலாளர்' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். 'முன்பணத்துக்காகக் கொத்தடிமையாக வைக்கப்பட்டுள்ளான், கொத்தடிமைச் சட்டத்தின்கீழ் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும்' என்று தெளிவாக எழுதுங்கள். நகல் ஒன்றை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் நடத்திய ஒரு வழக்கில் பையனை மீட்டார்கள், முதலாளிக்கு அபராதமும் விழுந்தது. ஆனால் கோப்பில் கொத்தடிமை என்ற சொல்லே இல்லை, சான்றிதழும் தரவில்லை. பத்தே நாளில் தரகர் வீட்டு வாசலில் வந்து "பையன் வந்துட்டான், பணம் எங்கே?" என்று நின்றார். காட்டுவதற்கு அந்தக் குடும்பத்திடம் ஒரு தாள்கூட இல்லை. பையன் கொத்தடிமையிலிருந்து விடுபட்டான், அந்தக் கடன் இனி இல்லை என்று காட்டும் தாள்தான் விடுவிப்புச் சான்றிதழ். உங்களிடம் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

கர்நாடகத்தில் நடப்பதால் இங்கே ஒன்றும் முடியாது என்பது சரியல்ல. எங்கே நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிந்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. தவிர, அட்வான்ஸ் கைமாறியதும் பையனை வண்டி ஏற்றியதும் நம் மாவட்டத்தில்தான். ஆனால் மீட்பும் விடுவிப்புச் சான்றிதழும் பேக்கரி இருக்கும் மாவட்டத்து அதிகாரிகள் வழியாகத்தான் நடக்கும். இரண்டு மாவட்டமும் கடிதம் எழுதிக்கொள்வதில் நாள் ஓடலாம். விடாமல் பின்தொடர ஆள் வேண்டும். தருமபுரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

செய்யக்கூடாதவை சில. நீங்களோ தம்பியோ தனியாகப் பேக்கரிக்குப் போய்ச் சத்தம் போடாதீர்கள். மோப்பம் பிடித்தால் அன்றிரவே பையனை வேறு கடைக்கு மாற்றிவிடுவார்கள். ஜிபே ரசீதையும் அந்த ஆள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையும் அழிக்காதீர்கள், வேறு போனிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பையன் கையை நீங்கள் எடுத்த போட்டோ நல்ல ஆதாரம். ஆனால் அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் படத்தை ஊடகங்களில் வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. அவனுக்கும் நாளைக்குப் பள்ளியில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் அல்லவா?

மீட்ட 24 மணி நேரத்துக்குள் அவனை அங்குள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவார்கள். சில நாள் இல்லத்தில் தங்க வைக்கலாம். அது தண்டனை அல்ல, ஜெயிலும் அல்ல. பிறகு தருமபுரிக் குழுவுக்கு மாற்றி வீட்டில் ஒப்படைப்பார்கள். அந்த நாட்களில் தம்பி மனைவி அழுது ஓய்ந்துவிடுவார். பக்கத்தில் இருங்கள்.

கிடைக்க வேண்டிய பணம்

மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை மாவட்ட நிர்வாகம் தரலாம். இதற்கு வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழு மறுவாழ்வுத் தொகை குழந்தைகளுக்கு 2 லட்சம், மிக மோசமான கொடுமை நடந்திருந்தால் 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு இணைந்தது, அதனால் தாமதமாகும். அதை நம்பிப் புதுக் கடன் வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். எட்டு மாத உழைப்புக்கான கூலியைத் தனியாகக் கேட்கலாம். குடும்ப நிலையைப் பார்த்து மாதம் 4,000 ரூபாய் தரும் நிதி ஆதரவு ஒன்று மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அதையும் கேளுங்கள், கேட்காமல் தானாக வராது.

பள்ளி

"இனிமே எந்த ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கேட்க உரிமை உண்டு. 14 முடிந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படித்து முடிக்கலாம். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவன் பெயர் பழைய பள்ளியிலேயே இருக்கக்கூடும், தலைமையாசிரியரைப் பாருங்கள். வந்த அதே வாரம் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் வீட்டில் சும்மா இருந்தால், "சும்மாதானே இருக்கான்" என்று அடுத்த தரகர் வந்துவிடுவார். வீட்டுச் சூழல் சரியில்லை என்றால் அரசு விடுதியில் சேர்க்கலாம்.

உங்கள் மகளும் புளியும்

இந்தக் கேள்வியை நீங்களே கேட்டதற்காக உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. மாசி, பங்குனியில் நம் ஊர்த் திண்ணைகளில் இது இல்லாத வீடு குறைவு. ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்து, விரல் வெடிப்பில் புளிப்பு இறங்கி எரியும். எனக்கும் சின்ன வயதில் நகக்கண் பழுப்பாகவே இருக்கும்.

பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில் குழந்தை குடும்பத்துக்கு உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் அதற்கு எல்லை போட்டன: இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, படிப்புக்கு இடையூறாகக் கூடாது, பெரியவர் செய்யும் வேலைக்குப் பதிலாளாகக் குழந்தையை உட்கார வைக்கக்கூடாது. உங்கள் விஷயத்தில் இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று எடை போட்டுத் தருகிறார். நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் போடும்போது மகளின் கையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறீர்கள் என்றால், அது இனி உதவி அல்ல, கூலி வேலை. பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே அரை மணி நேரம் கொட்டை எடுத்தால் யாரும் உங்களைக் குற்றவாளி என்று சொல்லமாட்டார்கள். அவள் இல்லாமல் எத்தனை கிலோ முடியுமோ அதை மட்டும் வாங்கி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த ஆளின் போனில்தான் பையன் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு அவனிடம் மீட்புப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் யாராவது நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டியா, கை ஆறிடுச்சா என்று மட்டும் கேளுங்கள். அவன் கடையைப் பற்றியோ ஆட்களைப் பற்றியோ ஏதாவது சொன்னால், போனை வைத்ததும் தேதி போட்டு எழுதி வையுங்கள். திங்கட்கிழமை மனுவோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.